கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்க வருகிறீர்களா? ஊரிலேயே சேர்த்துவைக்க வேண்டிய காகிதங்கள்

வணக்கம். சைக்காலஜி, கவுன்சலிங், சோஷியல் வொர்க் படித்துவிட்டு இங்கே வந்து இறங்கியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்த லைசென்ஸ் எடுக்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவைத்தால் நாலு பேருக்கு உதவும். நான் தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்து, நான்கு வருடம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு டொரண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்தவள். இப்போது பதிவு பெற்ற சைக்கோதெரபிஸ்ட், அதாவது பேச்சு வழியாக மனநல சிகிச்சை தருகிறவள்.

முதலில் ஒரு சொல் குழப்பம். இங்கே 'காலேஜ்' என்றால் படிக்கிற கல்லூரி மட்டும் இல்லை. ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தி, அதில் இருப்பவர்களைப் பதிவு செய்கிற அமைப்புக்கும் அதே பெயர்தான். நமக்கு லைசென்ஸ் தருவது அந்தக் காலேஜ்.

உங்கள் படிப்பைப் பொறுத்து வாசல் மாறும். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் சமூகப் பணியாளர்களுக்கான காலேஜுக்குப் போகலாம். அதற்கு முன் ஒட்டாவாவில் உள்ள கனடிய சமூகப் பணியாளர் சங்கம் உங்கள் பட்டத்தை மதிப்பிட வேண்டும். எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உள்ளவர்கள் உளவியலாளர் காலேஜைப் பாருங்கள். ஆட்டிசம் குழந்தைகளுடன் ஏ.பி.ஏ. என்கிற நடத்தைப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் 2024 ஜூலை 1 முதல் அதே காலேஜ்தான். அன்றிலிருந்து 'பிஹேவியர் அனலிஸ்ட்' என்பதும் இங்கே பதிவு தேவைப்படும் தொழில். மற்றபடி கவுன்சலிங் படித்த பெரும்பாலானோருக்கு என் வழி, அதாவது சைக்கோதெரபிஸ்ட் காலேஜ். சுருக்கமாக சி.ஆர்.பி.ஓ. என்பார்கள்.

இங்கேதான் நான் நேரத்தைத் தொலைத்தேன். பட்டத்தின் பெயரைப் பார்த்து அவர்கள் பதிவு தருவதில்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட பாடத்திட்டங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாத படிப்பு என்றால், நீங்கள் படித்த ஒவ்வொரு பாடமும் அவர்கள் கேட்கும் எந்தத் திறனுக்குப் பொருந்துகிறது என்று நீங்களே எடுத்துக்காட்ட வேண்டும். மார்க் ஷீட்டில் 'தாள் நான்கு: ஆலோசனைத் திறன்கள்' என்று இருந்தால் போதாது. என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், களப்பயிற்சி எங்கே, யார் மேற்பார்வை என்று முழு சிலபஸும் வேண்டும்.

நான் இங்கே வந்த பிறகு என் கல்லூரிக்கு எழுதினேன். சிலபஸ் மாறிவிட்டது, பழையது கையில் இல்லை என்றார்கள். துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். அப்பா பஸ் பிடித்து ஐந்து முறை போய்வந்தார். கடைசியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி பழைய சிலபஸ் புத்தகத்தையும் களப்பயிற்சி ரெக்கார்ட் நோட்டையும் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் காட்டித்தான் துறையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க முடிந்தது. ஏழு மாதம் அதிலேயே போயிற்று. நீங்கள் ஊரில் இருக்கும்போதே போனால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

வேலை பார்த்த இடத்துக் கடிதமும் அப்படித்தான். 'நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்' என்ற சான்றிதழால் இங்கே ஒரு பயனும் இல்லை. கிளையன்ட்டோடு நேரடியாக உட்கார்ந்த மணிநேரம் எவ்வளவு, சூப்பர்விஷன் (மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை) மணிநேரம் எவ்வளவு, சூப்பர்வைசரின் பெயரும் தகுதியும் என்ன என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காலேஜ் சரிபார்க்க எழுதினால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் அலுவலக மின்னஞ்சலும் அதில் இருக்கட்டும்.

படிப்பு ஏற்கப்பட்டதும் 'குவாலிஃபையிங்' நிலையில் பதிவு கிடைக்கும். அப்போதே கிளையன்ட்டுகளைப் பார்க்கலாம், சூப்பர்விஷனின் கீழ். முழுப் பதிவுக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். மூன்று முறைதான் வாய்ப்பு. அதோடு நேரடி கிளையன்ட் நேரம் 450 மணி, சூப்பர்விஷன் 100 மணி. சூப்பர்விஷன் இல்லாமல் தனியாக நடத்த, நேரடி நேரம் 1000 மணி, சூப்பர்விஷன் 150 மணி. சூப்பர்விஷனுக்குப் பல இடங்களில் நம் கைக்காசுதான் போகும். குழுவாகச் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும், அந்த நேரமும் கணக்கில் வரும்.

அப்புறம், இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு இல்லாமல் 'சைக்கோதெரபிஸ்ட்', 'சைக்காலஜிஸ்ட்', 'சோஷியல் வொர்க்கர்' என்று கார்டிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டுக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். 'கவுன்சிலர்' என்று போட்டால் தப்பித்துவிடலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கடுமையான மனநலப் பிரச்சினைக்கு சைக்கோதெரபி கொடுப்பதே ஆறு காலேஜ்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட செயல். பெயரை மாற்றினாலும் செயல் மாறாது.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். குடியேறியோருக்கு உதவும் அமைப்புகளில் செட்டில்மென்ட் வேலை, நெருக்கடி உதவித் தொலைபேசி, கேஸ் வொர்க்கர் வேலை எல்லாம் பதிவு இல்லாமலே கிடைக்கும். நான் செட்டில்மென்ட் வேலையில் இருந்தபோதுதான் யாழ்ப்பாணத் தமிழைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றேன். ஒரு அம்மா "ஒரே யோசனையாக் கிடக்கு, பிள்ளை" என்றால் ஏதோ திட்டம் போடுகிறார் என்று அர்த்தமில்லை. கவலை அவரை விடமாட்டேன் என்கிறது. போரில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழிலேயே பேசக்கூடிய, பதிவு பெற்ற ஆட்கள் வேண்டும். நீங்கள் இந்தப் படிப்பை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வரி பற்றிக் கேட்டவருக்கு: 2024 ஜூன் 20 முதல் சைக்கோதெரபி கட்டணத்துக்கு எச்.எஸ்.டி. (இங்குள்ள விற்பனை வரி) கிடையாது. இணையத்தில் பழைய கட்டுரைகளில் 13 சதவீதம் என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

மான்ட்ரியல் போகிறவருக்கு: நான் சொன்னது ஒன்டாரியோவுக்கு மட்டும். லைசென்ஸ் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் 2012 முதல் சைக்கோதெரபிக்குத் தனி அனுமதி உண்டு, அங்கே உளவியலாளர் சங்கத்திடம் கேளுங்கள்.

சி.ஆர்.பி.ஓ. உங்கள் விண்ணப்பத்தை மறுத்தால் உடனே மனம் தளர வேண்டாம். முடிவுக் கடிதம் வந்த 30 நாளுக்குள், காலேஜுக்கு வெளியே உள்ள மறுஆய்வு வாரியத்திடம் போகலாம். கடிதம் கைக்கு வந்த தேதியை மட்டும் குறித்துவையுங்கள்.

ஊரில் அம்மாவுக்கு இன்றே போன் போடுங்கள். பரணில் கிடக்கும் ரெக்கார்ட் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.