மண்ணைத் தோண்டும் மீன்கள் உள்ள தொட்டிக்குக் கட்டையிலும் கல்லிலும் பற்றி வளரும் செடிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இணை ஃபயர்மவுத் சிக்லிட் மீன்களும் சில ஸ்வார்ட்டெயில் மீன்களும் உள்ளன. ஃபயர்மவுத் மீன்கள் முட்டையிடும் காலத்தில் சரளையை வாயால் அள்ளிக் குழி பறிக்கும் இயல்புடையவை என்பதால், மண்ணில் வேரூன்றும் செடிகளை வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. தொட்டியில் ஒரு பெரிய டிரிஃப்ட்வுட் கட்டையும் நான்கைந்து கருங்கற்களும் இருக்கின்றன. அவற்றின்மேல் பற்றி வளரும் செடிகளை மட்டும் வாங்க விரும்புகிறேன்.

எங்களுக்குக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். அதன் டி.டி.எஸ். அளவு (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 700-ஐ ஒட்டி இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் நேரத்தில் தொட்டி நீரின் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. சாதாரண எல்.இ.டி. விளக்குதான் உள்ளது, கரியமில வாயு செலுத்தும் கருவி இல்லை, வாங்கும் திட்டமும் இல்லை. கடைகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பியூசெஃபலாண்ட்ரா, போல்பிட்டிஸ், பஞ்சுபோல் படரும் மாஸ் வகைகள் எனப் பலவற்றைக் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் "பராமரிக்க எளிது" என்றே சொல்கிறார்கள், ஆனால் விலைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. இந்த நீருக்கும் இந்த மீன்களுக்கும் எவை பொருந்தும்?

நிழல்நீர் எழுதியது:

வணக்கம். தங்கள் தொட்டிக்கு அனுபியாஸ் நானாவும் ஜாவா ஃபெர்னும் போதும் என்பது என் கருத்து. மற்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இந்தச் செடிகள் அனைத்துமே இயற்கையில் ஓடைகளின் கரைப் பாறைகளிலும், நீரில் விழுந்து கிடக்கும் மரங்களிலும், வேர்களால் பற்றிக்கொண்டு வளர்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கிளைகளின்மீது வளரும் ஆர்க்கிட் செடிகளைப் போல இவையும் தாம் பற்றியிருக்கும் மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ உணவை உறிஞ்சுவதில்லை. பிடிமானத்துக்காக மட்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. எனவே கட்டை எது, கல் எது என்பதைவிட, இச்செடிகளைச் சூழ்ந்து நிற்கும் நீர் எத்தகையது என்பதே முதன்மையான கேள்வி. தங்கள் நீர் கடினமானது, கோடையில் சூடாவது. இவ்விரண்டையும் தாங்குமா என்று ஒவ்வொரு செடியையும் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்தது. கேமரூன், நைஜீரியா, காபோன் ஆகிய நாடுகளின் நிழலடர்ந்த ஓடைக்கரைகளில் வளர்கிறது. சேம்பின் குடும்பமாகிய அரேசியைச் சேர்ந்த இதன் இலைகள் தோல்போல் தடித்தவை. பெரும்பாலான மீன்கள் இதைக் கடிப்பதில்லை. கடின நீர் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தையும் சில வாரங்களுக்குப் பொறுத்துக்கொள்ளும். அனுபியாஸ் பார்ட்டெரி என்னும் சிற்றினத்தின் குட்டை வகையான நானாவே தங்கள் தொட்டியின் உயரத்துக்கு ஏற்றது. அதனினும் சிறிய பெட்டிட் வகை பார்க்க அழகாக இருந்தாலும் ஃபயர்மவுத் உள்ள தொட்டியில் அது எளிதில் பிடுங்கப்படலாம்; அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஹாஸ்டிஃபோலியா, ஜிகாண்டியா போன்ற பெரிய அனுபியாஸ்கள் முழுவதும் மூழ்கிய நிலையில் சரியாக வளர்வதில்லை என்பதால் அவற்றையும் தவிர்க்கலாம்.

அனுபியாஸின் உண்மையான சிக்கல் அதன் மந்தமான வளர்ச்சிதான். ஒரு புதிய இலை விரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். விரிந்த இலை பல மாதங்கள் அப்படியே நிற்கும். அவ்வளவு காலம் ஒரே இலை வெளிச்சத்தில் நின்றால் அதன்மீது பச்சைப் புள்ளிப் பாசி படியத்தான் செய்யும். ஆகவே விளக்குக்கு நேர் கீழே, கட்டையின் உச்சியில் இதை வைக்க வேண்டாம்; கட்டையின் பக்கவாட்டிலோ கிளைகளின் நிழலிலோ வைப்பதே நல்லது. விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை எரியவிட்டால் போதும். செடி அழகாக இருக்கிறது என்பதற்காகத் தொட்டியின் நட்டநடுவில், வெளிச்சம் மிகுந்த இடத்தில் அதைக் காட்சிக்கு வைப்பவர்களே பிறகு பாசியைப் பற்றி அதிகம் முறையிடுகிறார்கள்.

ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பெரணி. நெடுங்காலமாக மைக்ரோசோரம் டெரோபஸ் என்று அழைக்கப்பட்டு வந்த இதை இப்போது லெப்டோகைலஸ் டெரோபஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். கடைகளில் இரண்டு பெயர்களையும் காணலாம், செடி ஒன்றுதான். அகன்ற இலையுள்ள சாதாரண வகையையே தாங்கள் வாங்கலாம். இலை நுனி கிளைகிளையாகப் பிரியும் விண்டெலோவ், மூன்று விரல்போல் பிரியும் டிரைடென்ட் ஆகியவையும் இதே செடியின் வகைகள்தான். அவற்றின் நுண்ணிய பிரிவுகளில் கழிவுத் துகள்கள் தங்கும் என்பதால், குழி பறித்து நீரைக் கலக்கும் மீன்கள் உள்ள தொட்டிக்கு அகன்ற இலையே வசதி.

போல்பிட்டிஸ் ஹூடெலோட்டியும் ஆப்பிரிக்கப் பெரணியே. ஆனால் அது மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள, ஓடிக்கொண்டே இருக்கும் நீரை விரும்புவது. 700 டி.டி.எஸ். உள்ள நீரில் அது செத்துவிடும் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் வளராமல் அப்படியே நிற்கும்.

பியூசெஃபலாண்ட்ரா போர்னியோ தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி. அங்கே வேகமாகப் பாயும் ஓடைகளின் பாறைகளில் அது ஒட்டி வாழ்கிறது. நீரின் தன்மையோ வெப்பமோ திடீரென மாறினால் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடும் வழக்கம் அதற்கு உண்டு. தண்டு உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேலும், சந்தையில் விற்கப்படுவனவற்றில் ஒரு பகுதி காட்டிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் வாங்குவதாயிருந்தால், திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி மூடிய குவளைகளில் விற்கப்படுவதையே வாங்குங்கள்.

ஓடைக்கல் எழுதியது:

நிழல்நீர் சொன்ன தேர்வில் எனக்கும் உடன்பாடே. கட்டும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் சிக்லிட் உள்ள தொட்டியில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

இவ்விரு செடிகளுக்கும் இலைகளைத் தாங்கும் தடித்த கிடைத்தண்டு ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் ரைசோம் என்பது இதைத்தான். இதைச் சரளைக்குள் புதைக்கவே கூடாது. புதைத்தால் அழுகி, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கத் தொடங்கும். கீழ்நோக்கி வளரும் வேர்கள் மண்ணுக்குள் சென்றால் தவறில்லை. தண்டு மேலே, நீரோட்டம் படும்படி இருக்க வேண்டும்.

கட்டுவதற்குப் பருத்தி நூல், நைலான் தூண்டில் நரம்பு, சயனோஅக்ரிலேட் பசை ஆகிய மூன்றும் வழக்கத்தில் உள்ளன. பருத்தி நூல் சில வாரங்களில் இற்றுவிடும். அனுபியாஸின் வேர் கல்லைப் பிடிக்கவோ இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அமைதியான மீன்கள் உள்ள தொட்டியில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது, ஃபயர்மவுத் உள்ள தொட்டியில் தெரியும். ஆகவே நைலான் நரம்பால் கட்டி, வேர் பிடித்தபின் வெட்டி எடுத்துவிடுங்கள். அல்லது பசையைப் பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் போன்ற சாதாரணப் பசையும் சயனோஅக்ரிலேட்தான் என்றாலும், அது நீர்போல் ஓடுவதால் இலைக்கும் விரலுக்கும் பரவிவிடும். அதே பசையின் ஜெல் வடிவம் கையாள எளிது. ஈரத்தைத் துடைத்த கல்லின்மேல் ஓரிரு துளிகள் வைத்து, வேர்களும் தண்டின் அடிப்புறத்தில் ஒரு சிறு பகுதியும் மட்டும் படும்படி சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். நீர் பட்டதும் பசை வெண்மையாகி இறுகிவிடும். இறுகிய பசையால் மீன்களுக்குத் தீங்கில்லை. தண்டு முழுவதையும் பசையால் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தனிப்பட்ட விருப்பம் ஒன்று உண்டு. செடிகளைப் பெரிய கட்டையில் நேரடியாக ஒட்டாமல், கைப்பிடியளவுள்ள கற்களில் ஒட்டி, அக்கற்களைக் கட்டையின் கவட்டிலும் அடியிலும் செருகி வைப்பேன். பாசி படிந்தால் கல்லோடு எடுத்துக் கழுவலாம், வெளிச்சம் அதிகமானால் நிழலுக்கு நகர்த்தலாம். மீன்கள் முட்டையிட்டு முரட்டுத்தனம் காட்டும் நாட்களில் செடியை வேறு மூலைக்கு மாற்றவும் முடியும். கருங்கல் நீரின் தன்மையை மாற்றாது என்பதால் அச்சமில்லை, ஆனால் வழவழப்பான கூழாங்கல்லில் வேர் பிடிக்கத் தாமதமாகும். உடைத்த, சொரசொரப்பான முகமுள்ள கல்லைத் தேர்ந்தெடுங்கள். எரிமலைக் கல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் துளைகளில் வேர் விரைவாக நுழைந்துவிடும். வேறு கற்களைச் சேர்ப்பதாயிருந்தால் ஒரு துளி வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு கலந்த கல். ஏற்கெனவே கடினமான தங்கள் நீரை மேலும் கடினமாக்க வேண்டாம்.

பசுந்துளிர் எழுதியது:

மாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜாவா மாஸ் மலிவானது, எதிலும் பற்றும். மீன் குஞ்சுகளுக்கு நல்ல மறைவிடமும்கூட. ஆனால் தங்கள் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் குழி பறிக்கும் மீன்கள் கிளப்பும் தூசு முழுவதும் அதில் படிந்து, சில மாதங்களில் பழுப்பு நிறப் பஞ்சாகிவிடும். கிறிஸ்துமஸ் மாஸ் போன்ற அழகிய வகைகள் குளிர்ந்த நீரில்தான் நன்றாக வளர்கின்றன. 31 டிகிரி அவற்றுக்கு மிகுதி.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய ஹைக்ரோஃபிலா பின்னாட்டிஃபிடா என்னும் செடியும் கட்டையில் பற்றி வளரும் என்பதைப் பலர் அறிவதில்லை. செம்பழுப்பு நிறத்தில், ஓரம் ஆழமாக வெட்டுண்ட இலைகளுடன் இருக்கும். நம் மண்ணின் செடி என்ற ஆசையில் அதைப் பரிந்துரைக்க மனம் துடிக்கிறது, ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் கரியமில வாயு இல்லாத தொட்டியிலும் அது மெலிந்து, கீழிலைகளை இழந்துவிடும். மீன்களும் அதன் மென்மையான இலைகளைக் கொறிக்கும்.

கோடை வெப்பத்தைப் பொறுத்தவரை, தொட்டியின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் நீர் ஆவியாவதன் மூலம் இரண்டு மூன்று டிகிரி வெப்பம் குறையும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இதற்கு அவ்வளவு பயன் இல்லை, மதுரையின் வறண்ட வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீரை ஈடுகட்ட மீண்டும் கிணற்று நீரையே ஊற்றினால் டி.டி.எஸ். அளவு வாரந்தோறும் ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள், வாராந்திர நீர் மாற்றத்துக்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தலாம்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அனுபியாஸ் நானாவையும் அகன்ற இலை ஜாவா ஃபெர்னையும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கடையில் பார்த்த ஜாவா ஃபெர்னின் இலைகளுக்கு அடியில் வரிசையாகக் கருமையான புள்ளிகள் இருந்தன, அது நோயா? மேலும், உரம் எதுவும் தேவைப்படுமா, அல்லது மீன்களின் கழிவே போதுமா?

நிழல்நீர் எழுதியது:

இலையின் அடிப்புறத்தில் ஒழுங்கான வரிசையில், சற்றே மேடாகத் தெரியும் பழுப்பு அல்லது கரும் புள்ளிகள் பெரணிக்கு இயல்பான வித்துத் தொகுதிகள், அவை நோயல்ல. முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் சிறு கன்றுகள் முளைத்து வேர்விடுவதையும் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று இலைகள் வந்தபின் அவற்றைக் கிள்ளி வேறு கல்லில் ஒட்டிக்கொள்ளலாம். இலையின் பரப்பில் ஒழுங்கின்றிக் கருமை பரவி, நீரில் நனைந்த தாள்போல் ஒளி ஊடுருவும்படி ஆனால் மட்டும் கவலைப்பட வேண்டும். அத்தகைய செடியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். அனுபியாஸில் இலையைவிடத் தண்டைப் பாருங்கள்: விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருக்க வேண்டும், குழைவாக இருந்தாலோ நாற்றம் வந்தாலோ இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் வாங்க வேண்டாம். இலைகள் நிறைய உள்ள செடியைவிட, தண்டு நீளமாக உள்ள செடியே நல்ல கொள்முதல், ஏனெனில் நான்கைந்து இலைகளுக்கு ஒன்றாகக் கூர்மையான கத்தியால் நறுக்கினால் ஒரு செடி இரண்டு மூன்றாகும்.

உரத்தைப் பொறுத்தவரை, நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீன்களின் கழிவிலிருந்தே கிடைத்துவிடும். கால்சியமும் மக்னீசியமும் தங்கள் கிணற்று நீரில் தேவைக்கு மேல் இருக்கும். பொதுவாகக் குறைவது பொட்டாசியமும் இரும்பு முதலிய நுண்சத்துகளும். பொட்டாசியம் குறைந்தால் பழைய இலைகளில் ஊசித்துளைகள் தோன்றி, ஓரம் கருகும். பொட்டாசியமும் நுண்சத்துகளும் கலந்த திரவ உரத்தை, புட்டியில் குறிப்பிட்ட அளவில் பாதியை மட்டும் வாரம் ஒருமுறை, நீர் மாற்றிய பிறகு ஊற்றுங்கள். இவ்வளவு மெதுவாக வளரும் செடிகளுக்கு அதுவே மிகுதி. சரளைக்குள் புதைக்கும் உரவில்லைகளைக் கடைக்காரர் சேர்த்து விற்கப் பார்ப்பார். அவை இச்செடிகளுக்குப் பயன்படமாட்டா. தங்கள் மீன்கள் அவற்றைத் தோண்டி எடுத்து நீரில் கரைத்தும் விடும்.