நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஏற்ற விசைப்பலகை

பாளையங்கோட்டை, பத்திர எழுத்தர்:

இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையில் தமிழ் எழுதிப் பார்த்தவர்கள் உண்டா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் தினமும் அதில்தான் கிரயப் பத்திரம் தட்டுகிறேன்.

தமிழக அரசு 1999இல் அறிவித்த தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறிமாறி உழைப்பதால் வேகம் கிடைக்கிறது. வலது சுண்டுவிரலுக்குத்தான் வேதனை: ண, ந, ய, ழ, ச, ஞ ஆறும் அதன் பொறுப்பு. எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசன ஊர்கள். பத்திரத்துக்குப் பத்திரம் 'நஞ்சை' வரும். ஞ-வை அடுத்து ச தட்டினால் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆகவே ந, ஞ, ச மூன்றும் இடைவெளியில்லாமல் அதே விரலில். இதோடு சொத்து, சர்வே, சதுர அடி, செக்குபந்தி, சாட்சி. மாலைக்குள் முன்கை வரை உளைச்சல் ஏறிவிடும்.

விலைக்குக் கிடைக்கும் சிறிய பிரிந்த பலகைகள் ஆங்கிலத்தை எண்ணிச் சுருக்கப்பட்டவை. 42 விசை உள்ளவற்றில் சதுர அடைப்புக்குறிகளுக்குப் பெரும்பாலும் தனி விசை இருக்காது. ச-வும் ஞ-வும் இருப்பதே அங்கேதான்! அதனால் நானே வடிவமைத்தேன்.

வெள்ளைத் தாளில் கையை இயல்பாக வைத்து விரல் நுனிகளைக் குறித்தேன். நடுவிரல் வரிசை மேலே, சுண்டுவிரல் வரிசை நன்றாகக் கீழே. விசைகளின் மையங்களுக்கிடையே 19.05 மி.மீ.; ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்ச்சுக்கான துளை 14 மி.மீ. சதுரம். ச, ஞ இரண்டையும் வலது கட்டைவிரலுக்குக் கொடுத்தேன். இடைவெளி விசை இடது கட்டைவிரலுக்குப் போயிற்று. கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் எண்ணை. விசைப்பலகைக்குள்ளேயே ஓடும் க்யூஎம்கே (QMK) என்ற மென்பொருளில் அடைப்புக்குறி விசைகளை இடம் மாற்றினால் போதும், கணினி அதைச் ச என்றே எடுத்துக்கொள்ளும்.

ஸ்விட்ச்களைப் பொருத்த ஒரு தகடு வேண்டும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசரில் அக்ரிலிக் வெட்டித் தருவார்கள். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது 3 மி.மீ.; ஸ்விட்ச்சின் கொக்கி 1.5 மி.மீ. தகட்டில்தான் சரியாகப் பிடிக்கும். நான் எஃகுத் தகடு வெட்டிக்கொண்டேன். அடியில் தச்சர் செய்து தந்த தேக்கு ஆப்பு. கட்டைவிரல் பக்கம் உயர்ந்திருப்பதால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை.

அம்பாசமுத்திரம், மின்னணுவியல் மாணவர்:

அண்ணாச்சி, ச-வைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தது அருமை. வயரிங் பற்றி நான் சேர்க்கிறேன். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) வேண்டும், எல்லாவற்றிலும் அதன் மேல் உள்ள கோடு ஒரே திசையில். இல்லாவிட்டால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது தொடாத நான்காவதும் விழும். இரு பாதிகளை இணைப்பது ஹெட்போன் பின் வகை வயர் என்றால், யூஎஸ்பி செருகியிருக்கும்போது அதைப் பிடுங்கவே கூடாது; பின் உரசி ஷார்ட் ஆகிவிடும். அண்ணாச்சி, ஸ்விட்ச் எந்த வகை?

பாளையங்கோட்டை, பத்திர எழுத்தர்:

லீனியர்தான் தம்பி, நடுவில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவது. அதிலும் மெதுவாக அழுத்தினாலே போதும் என்ற வகை. 'கிளிக்' சத்தம் தருவது வேண்டாம். எதிரே அமர்ந்து ஒருவர் வடக்கே வாய்க்கால், தெற்கே வரப்பு என்று எல்லை சொல்லிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழ வேண்டும்.