கையால் ஓட்டினால் பேக்கப் வருகிறது, கிரானில் வருவதில்லை

வணக்கம் நண்பர்களே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் வேலை செய்கிறேன். லாரி நிறுக்கும் கணக்கெல்லாம் ஒரு உபுண்டு கணினியில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது.

ராத்திரி 2 மணிக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து ஜிசிப் செய்ய (சுருக்க) ஒரு ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானில் அதைப் போட்டிருக்கிறேன். டெர்மினலில் ஓட்டினால் முழு ஃபைல் வருகிறது. கிரானில் ஓடினால் வெறும் 20 பைட். காலி ஜிசிப் அவ்வளவுதான் இருக்கும், உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் லாகில் மட்டும் ‘வெற்றி’! ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில், கடைசியாக ஓடும் ஜிசிப்பின் முடிவைத்தான் ஷெல் பார்க்கிறது. அதற்கு, நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் போட்டுவிட்டேன். கட்டளைகளுக்கு முழுப் பாதையும் கொடுத்தாச்சு.

பாஸ்வேர்டு கோப்பு என் ஹோம் ஃபோல்டரில், கிரானோ ரூட் (நிர்வாகி) பெயரில் ஓடுகிறது. அங்கேதான் உதைக்கிறது என்று நினைக்கிறேன். கோப்பை ரூட்டுக்கும் வைப்பதா, பேக்கப்புக்கென்றே உரிமை குறைந்த தனிப் பயனரை உருவாக்குவதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அப்புறம், பழைய டேபிள்கள் சில மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகை. டேபிளைப் பூட்டாமல் நகல் எடுக்க உதவும் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் அவற்றுக்கு உதவாது. குலை அதிகம் வரும் மாதங்களில் லாரி நள்ளிரவிலும் வரும், டேபிளைப் பூட்டினால் கிராணி (குமாஸ்தா) என்னைத்தான் எழுப்புவார். டேபிள்களை இன்னோடிபி வகைக்கு மாற்றியவர்கள் இருந்தால், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.