சிமுலேஷனில் ஓடுகிறது, தரையில் நடக்க மாட்டேன் என்கிறது – உதவி

நாலுகாலன்:
அவசரம், வெள்ளிக்கிழமை டெமோ. நாலு கால் ரோபோவுக்கு ஜெனடிக் அல்காரிதம் (பல நடைகளில் நல்லதைத் தேர்ந்து, கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் பரிணாம முறை) போட்டு, கணினிக்குள் சிமுலேஷனில் நடை உருவாக்கினேன். 400 தலைமுறை ஓடிய பிறகு திரையில் குதிரை மாதிரி பாய்கிறது. நிஜத்தில் நின்ற இடத்திலேயே உதறி, பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. புரோகிராமை மூன்று முறை பார்த்துவிட்டேன், பிழை இல்லை. என்ன செய்யலாம்?

ஈயப்பற்று:
காலை அசைக்க எந்த சர்வோ மோட்டார்? மின்சாரம் எங்கிருந்து? எந்த சிமுலேட்டர்?

கரடுதரை:
உராய்வுதான். டைல்ஸ் தரையா? பாதத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் காரணம்.

பழையகை:
தம்பி, கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 1995-லேயே சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்கோபி குழு எழுதிய விஷயம் இது. சிமுலேட்டரில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, பரிணாமம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இரைச்சல் சேர்க்க வேண்டும், அதாவது சிமுலேட்டரின் அளவுகளைத் தற்செயலாகக் கொஞ்சம் ஆட்டிவிட வேண்டும். அதுவும் நிஜத்தில் இருக்கிற அளவுக்கு. கூடினாலும் வேலைக்கு ஆகாது.

வேகநடை:
இப்போது யார் ஜெனடிக் அல்காரிதம் போடுகிறார்கள்? ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்குக்கு (செய்து பார்த்து, கிடைக்கும் பரிசுப் புள்ளியை வைத்துக் கற்கும் முறை) மாறுங்கள். 2019-ல் சூரிச்சில் அனிமல் என்ற நாலுகாலியை அப்படித்தான் ஓடவிட்டார்கள்.

பழையகை:
அவர்களும் நிஜ மோட்டாரிலிருந்து தரவு எடுத்து, அதில் பழக்கிய நியூரல் நெட்வொர்க்கை சிமுலேட்டருக்குள் வைத்த பிறகுதான் ஓடியது. 2015-ல் கால் உடைந்த ஆறுகால் ரோபோ இரண்டு நிமிடத்துக்குள் வேறு நடை கண்டுபிடித்ததே, அந்த நடைகளை முன்கூட்டிச் சேர்த்து வைத்தது பரிணாமம்தான்.

வேகநடை:
சேர்த்து வைத்தது பரிணாமம், சரி. உடைந்த பிறகு தேடிப் பிடித்தது கற்றல் இல்லையா?

நாலுகாலன்:
சர்வோ எம்ஜி996ஆர், எட்டு. சிமுலேட்டர் பைபுல்லட். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். பாதம் வெறும் 3டி பிரிண்ட்.

ஈயப்பற்று:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த சர்வோ ஒன்று முட்டி நின்றாலே 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டுக்கும் சேர்த்து 3 ஆம்பியர் எப்படிப் போதும்? உதறல் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வேகம். 4.8 வோல்ட்டில் 60 டிகிரி திரும்ப 0.17 வினாடி, அதுவும் சுமை இல்லாமல். அதாவது வினாடிக்கு சுமார் 6 ரேடியன். பைபுல்லட்டில் வேக வரம்பு கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் எந்த சர்வோவாலும் முடியாத வேகத்தில் கால் வீசும், 400 தலைமுறையும் அந்த வீச்சைத்தான் வளர்த்திருக்கும்.

ஒரு காலை மட்டும் சுமையோடு ஆட்டி, மொபைல் ஸ்லோமோஷனில் எடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். வருகிற வேகத்தை வரம்பாக வைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, மறுபடி பரிணாமத்தை ஓட்டுங்கள். பழையகை சொன்ன இரைச்சல் இங்கேதான் உதவும்.

நாலுகாலன்:
வரம்பு போட்டேன், அடாப்டரையும் மாற்றினேன். பாய்ச்சல் போய்விட்டது, ஆனால் ஏழு அடி விழாமல் நடந்தது. ட்யூபும் ஒட்டினேன். நன்றி அண்ணா.

கரடுதரை:
ட்யூப் ஒட்டுவதற்கு முன்னாடி நடந்ததா, பின்னாடியா?

ஈயப்பற்று:
சுமையோடு எத்தனை ஃபிரேம் வந்தது? அந்த எண்ணை இங்கே போடுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.