வருஷா வருஷம் கேஸ் போட்டும் கூலிங் நிக்கலை: காயிலை மாத்தணுமா, ஏசியையே மாத்தணுமா?

மொட்டைமாடி:
1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், ஆர்32 கேஸ், ஆறு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா வெயில் தொடங்கினா ஒரு டாப்-அப். இந்தத் தடவை போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, 24-ல வச்சாலும் ரூம் 28-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. அவுட்டோர்கிட்ட மெல்லிசான குழாய்ல வெள்ளையா ஐஸ் கட்டுது. ஒரு மெக்கானிக் மறுபடி கேஸ் போடலாம்ங்கிறார். இன்னொருத்தர் இன்டோர் காயில் (உள்ள இருக்கிற யூனிட்ல காத்தைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள்) போச்சு, புது ஏசி வாங்கிடுங்கங்கிறார். எதைக் கேட்க?

காப்பர்குழாய்:
ரெண்டு பேருமே லீக் எங்கேன்னு தேடலை. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சமாச்சாரம் இல்லைங்க, மூடின குழாய்க்குள்ளயே சுத்தும். குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது.

மெல்லிசு குழாய்ல மட்டும் ஐஸ்னா பெரும்பாலும் கேஸ் கம்மி. தடிமனான குழாய் வரைக்கும் ஐஸ் வந்தா முதல்ல ஃபில்டர், காயில், புளோயர் அழுக்கைப் பாருங்க, காத்து ஓட்டம் குறைஞ்சிருக்கும். ஒரு சோதனை: 16-ல வச்சு 15 நிமிஷம் ஓடவிட்டு, உள்ள இழுக்கிற காத்து, வெளிய வர்ற காத்து ரெண்டையும் தெர்மாமீட்டர்ல அளங்க. 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கணும்.

அப்புறம் ஃபிளேர் நட்டுகளை, அதாவது குழாயோட விரிச்ச முனையை இறுக்கிப் பிடிக்கிற நட்டுகளைப் பாருங்க, இன்டோர்ல ரெண்டு, அவுட்டோர்ல ரெண்டு. கேஸ் கசியிற இடத்துல கம்ப்ரசர் ஆயிலும் கூடவே வரும். அதுல தூசி ஒட்டி கருப்புப் பிசுக்கா நிக்கும். சோப்புத் தண்ணி தடவினா பொடிப் பொடியா நுரை எழும்பும்.

வேக்கம்பம்ப்:
கண்ணுக்குத் தெரியலைன்னா நைட்ரஜன் டெஸ்ட்தான், குழாய்க்குள்ள நைட்ரஜனை அழுத்தி ஏத்தி லீக் தேடுறது. மிச்ச கேஸை ரெக்கவரி பண்ணிட்டு (தனி சிலிண்டர்ல இழுத்து எடுத்துட்டு), ரெகுலேட்டர் வச்சு படிப்படியா ஏத்தணும். உச்ச அளவு மெஷின் மேல இருக்கிற விவரப் பிளேட்ல போட்டிருக்கிற பிரஷரைத் தாண்டக் கூடாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துட்டு வந்தா வாசல்லயே நிறுத்துங்க. ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும்.

லீக்கை அடைச்சதும் வேக்கம், அதாவது குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு இழுத்து எடுக்கிறது. 500 மைக்ரானுக்கு (வேக்கத்தை அளக்கிற அளவு) கீழ இறக்கி, பம்பை நிறுத்தி, 15 நிமிஷமாவது முள் ஏறாம நிக்குதான்னு பார்க்கணும். மெதுவா ஏறி ஒரு இடத்துல நின்னா உள்ள ஈரம், நிக்காம ஏறினா இன்னும் ஓட்டை. "கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காத்தை வெளியேத்திடலாம்"ங்கிற குறுக்கு வழிக்கு ஒத்துக்காதீங்க. ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அதோட ஈரமும் உள்ளயே தங்கிடும்.

கடைசியா தராசு, கேஸை எடை போட்டுத்தான் ஏத்தணும். இன்வெர்ட்டர்ல கம்ப்ரசர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், பிரஷர் கேஜைப் பார்த்து "பிரஷர் ஓகே"ன்னு சொல்றது வெறும் குத்துமதிப்பு. பிளேட்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கே போடணும். குழாய் நீளம் அதிகம்னா எக்ஸ்ட்ரா எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும்.

பழையபிளேட்:
காயில் போச்சுன்னு யாராவது சொன்னா நிரூபிக்கச் சொல்லுங்க. இன்டோரைக் கழட்டி ரெண்டு முனையையும் அடைச்சு, காயிலுக்கு மட்டும் நைட்ரஜன் ஏத்தி, தண்ணித் தொட்டியில முக்கினா குமிழி வர்ற இடம் தெரியும். யூ-பெண்ட் (காயில் ஓரத்துல வளையிற குழாய்) பத்த வச்ச இடத்துல ஒழுகினா காப்பர்ல மறுபடி பத்த வைக்கலாம். தகடுக்கு நடுவுல, குழாய் சுவரே அரிச்சு ஊசித் துளை விழுந்திருந்தா அடைக்காதீங்க, பக்கத்துலயே அடுத்தது கிளம்பும். காயிலை மாத்துங்க.

ஆறு வருஷ ஆர்32 மெஷின், கம்ப்ரசரும் போர்டும் நல்லா இருந்தா காயில் மாத்துறது லாபம்தான். கம்ப்ரசரும் சேர்ந்து போயிருந்தா மட்டும் புதுசு. பழைய ஆர்22 மெஷின்னா என் பதில் வேற. அதுல ஆர்32-ஐ ஏத்தலாம்னு யாராவது சொன்னா பேச்சை அங்கயே முடிச்சுக்குங்க.

மொட்டைமாடி:
பார்த்தாச்சு. இன்டோர் பின்னாடி டேப்பைப் பிரிச்சா தடிமன் குழாய் நட்டுல அதே கருப்புப் பிசுக்கு, சோப்பு போட்டா நுரையும் வருது. இறுக்கிவிட்டா போதுமா?

காப்பர்குழாய்:
வேண்டாம். மூணு வருஷமா யாராவது இறுக்கிப் பார்த்திருப்பாங்க, அதுல ஃபிளேர் விளிம்பு நசுங்கி விரிசல் விட்டிருக்கும். கேஸை எடுத்துட்டு வெட்டிப் புதுசா ஃபிளேர் போடச் சொல்லுங்க. ஆர்32-க்கு வீட்டுக்குள்ள இருக்கிற ஜாயின்டைத் திறந்தாலே அதான் விதி. பிசிறு எடுக்கும்போது குழாய் வாய் கீழ பார்த்து இருக்கணும், இல்லைன்னா தூள் உள்ள விழும். நட்டை டார்க் ரெஞ்ச்லயே (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) இறுக்கணும்: கால் இஞ்ச் குழாய்க்கு 14 முதல் 17 நியூட்டன் மீட்டர், அரை இஞ்ச்க்கு 50 முதல் 60. நுரை நின்னதுக்கு அப்புறம் டேப்பைச் சுத்துங்க.