வைஃபை தெர்மோஸ்டாட்டில் பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை – கானாடுகாத்தான் பழைய வீடு

வளவுவீடு:
கானாடுகாத்தானில் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. முகப்பை ஒட்டிய பெரிய ஹாலை விருந்தினர் தங்குவதற்காக மாற்றி டக்டபிள் ஏசி (குழாய் வழியே குளிர்காற்று விடுவது) போட்டிருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த வைஃபை தெர்மோஸ்டாட்தான் அதை ஓட்டுகிறது. இரண்டு பென்டார்ச் பேட்டரி. பெட்டியில் ஒரு வருடம் வரும் என்று போட்டிருக்கிறது, இங்கே ஒரு மாதத்துக்கே மூச்சு வாங்குகிறது. பேட்டரி தீர்ந்ததும் திரை அணைகிறது, கூடவே ஏசியும் நின்றுவிடுகிறது. அதுவும் விருந்தினர் தூங்கும் நேரம் பார்த்துத்தான். சார்ஜ் ஏற்றும் பேட்டரி போட்டால் இன்னும் சீக்கிரமே எச்சரிக்கை வருகிறது. ரவுட்டர் இரண்டாம் கட்டில் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டிலேயே கோளாறா?

செக்காலை மெக்கானிக்:
தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் 1.5. இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட் எதிர்பார்க்கிற கருவிக்கு 2.4 தான் கிடைக்கும், அதனால்தான் முழு சார்ஜ் இருந்தும் அலறுகிறது. கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்லும் வேண்டாம். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

அடுத்து, மூடியைக் கழற்றினால் எத்தனை வயர் தெரிகிறது? ஆர், ஒய், ஜி என்ற எழுத்துகளில் மாட்டிய மூன்றும்தான் என்றால், கருவிக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்கச் செய்யும் சி வயர் உங்களுக்கு இல்லை, எல்லா வேலையும் பேட்டரி தலையில்.

ரவுட்டர்_ராசு:
அண்ணே, எனக்குச் சுவர்மேல்தான் சந்தேகம். தேக்குக் கதவை வைஃபை தாண்டிவிடும், நம்ம ஊர்ச் சுவரைத் தாண்டாது. சிக்னல் குறையும்போது கருவி கூடுதல் சக்தியில் அனுப்பும், போய்ச் சேராததைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஆப்பில் சிக்னல் எண் எவ்வளவு காட்டுகிறது? மைனஸ் 60 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 80ஐத் தாண்டினால் மோசம். இன்னொன்று, கரண்ட் போனால் ரவுட்டரும் அணைகிறதா? அணைந்தால் அது திரும்ப வரும்வரை தெர்மோஸ்டாட் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரியைத் தின்பதில் இந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு.

சோதிப்பது எளிது. புது ஆல்கலைன் போட்டு மல்டிமீட்டரில் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்கில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள்.

வளவுவீடு:
சிக்னல் மைனஸ் 83. ரவுட்டர் இன்வெர்ட்டரில் இல்லை, கரண்ட் போனால் அணையும். வைஃபையை அணைத்து ஓட்டிய வாரத்தில் வோல்ட் அசையவே இல்லை! வயர் மூன்றுதான். சி வயர் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டுமென்றால் நடக்காது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர், ஆணி அடிக்கவே பங்காளிகளைக் கேட்க வேண்டும். பெரிய ஆச்சி "கைவைத்தால் பார்" என்கிறார்.

செக்காலை மெக்கானிக்:
ஆச்சி சொல்வது சரிதான், துளைக்க வேண்டாம். பின் தட்டைக் கழற்றி கேபிளை மெதுவாக முன்னால் இழுங்கள். பெரும்பாலும் ஐந்து இழைக் கேபிளாகத்தான் இருக்கும், வேண்டாத இழைகளைக் கேபிள்மேலேயே சுற்றி விட்டிருப்பார்கள். அதில் ஒன்றைச் சி வயராக்கலாம்.

அதைத் தொடும் முன் எம்சிபியை அணையுங்கள். நம்ம ஊர் டக்டபிள் பலவற்றில் கன்ட்ரோலே 230 வோல்ட். அமெரிக்கத் தெர்மோஸ்டாட் இயங்குகிறது என்றால் நடுவில் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் ரிலேவும் இருக்க வேண்டும். ஆர் டிரான்ஸ்பார்மரின் ஒரு முனை, சி மறுமுனை. ஆளை வைத்து அளந்து, 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம் (ஏசி) என்று உறுதியான பிறகே இணைக்கவும். டிசி அடாப்டரைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டாம்.

சுவரில் கேபிள் வரும் ஓட்டையைப் பஞ்சோ புட்டியோ வைத்து அடையுங்கள். உள்ளிருந்து வரும் சூடான காற்று சென்சாரில் பட்டால் ஹால் சூடு என்று நினைத்து ஏசியை வீணாக ஓட்டும்.

ரவுட்டர்_ராசு:
சி வயர் கிடைத்தாலும் சிக்னலை அப்படியே விடாதீர்கள், ஆப் அடிக்கடி ஆஃப்லைன் காட்டும். இரண்டாம் கட்டிலிருந்து வளவுத் தாழ்வாரத்து மரச்சட்டம் ஓரமாக ஒரு லேன் கேபிள் ஓட்டி, ஹாலுக்குள் ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபையை அங்கே பரப்பும் கருவி) வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். ரவுட்டருக்கும் அதற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஆளுக்கு ஒன்று, இரண்டும் 12 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளவுவீடு:
நீல இழை ஒன்று சும்மா சுற்றிக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் வந்து அளந்தார், ஆருக்கும் சிக்கும் நடுவே 26 வோல்ட். இணைத்ததும் பேட்டரிச் சின்னமே திரையிலிருந்து போய்விட்டது. அக்சஸ் பாயின்ட் வைத்தபின் சிக்னல் மைனஸ் 55. இனி பேட்டரியை எடுத்துவிடலாமா?

செக்காலை மெக்கானிக்:
26 சரியான அளவுதான். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், கரண்ட் போனால் திரை அணையாது. ஆல்கலைன் என்றால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்துவிடும்.