நியோ4ஜே: மூன்று தாவலுக்கு மேல் லேட்டரல் மூவ்மென்ட் க்வெரி முடிவதே இல்லை

புகுந்தவன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும் பாதையை (லேட்டரல் மூவ்மென்ட்) தேட, விண்டோஸ் லாகான் லாக்குகளை நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் நாலெட்ஜ் கிராஃபாக ஏற்றியிருக்கிறோம். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் ஒரு நோடு. 4624 நிகழ்வு (வெற்றிகரமான லாகான்; டைப் 3 நெட்வொர்க் வழி, 10 ரிமோட் டெஸ்க்டாப் வழி) இரண்டு நோடுகளை இணைக்கும் எட்ஜ். யூசர் பெயரும் நேரமும் அதன் மேல். இரண்டு தாவல் வரை பதில் உடனே வருகிறது, மூன்றுக்கு நிமிடக்கணக்கு, நான்கில் மெமரி வரம்பைத் தாண்டி க்வெரி செத்துவிடுகிறது.

நியோ4ஜே 5 கம்யூனிட்டி, 64 ஜிபி ரேம், ஹீப் 24, பேஜ் கேஷ் 28. சுமார் 3,000 கம்ப்யூட்டர்கள். டேட்டாவை 3 நாளிலிருந்து 14 நாளாக நீட்டியதும் தொடங்கிய தொல்லை. ஐபியை டிஹெச்சிபி லீஸ் (எந்த ஐபி எப்போது எந்தக் கம்ப்யூட்டரிடம் இருந்தது என்ற பதிவு) வைத்துத்தான் கம்ப்யூட்டராக மாற்றுகிறோம், அதனால் போலி நோடு பிரச்சினை இல்லை.

எட்ஜ்கள் குவியும் டொமைன் கன்ட்ரோலர், ஸ்கேனர், பேட்ச் சர்வர் மூன்றையும் விலக்கிப் பார்த்தாயிற்று. ஜம்ப் சர்வரை (அட்மின்கள் மற்ற சர்வர்களுக்குள் நுழைய இடைவழியாக வைத்திருக்கும் கம்ப்யூட்டர்) விலக்க முடியாது. புகுந்தவன் முதலில் தேடுவதே அதைத்தான். நேரத்துக்கு இண்டெக்ஸ் போட்டால் முதல் எட்ஜைப் பிடிக்க மட்டுமே உதவுகிறது. ப்ரொஃபைலில் (க்வெரி ஓடும் படிகளின் அறிக்கை) பார்த்தால், பாதை முழுதும் விரிந்த பிறகுதான் 'முந்தைய லாகானுக்குப் பிந்தையதா' என்ற சோதனையே நடக்கிறது. நாள்வாரியாக எட்ஜ் வகையைப் பிரித்தால் நள்ளிரவைத் தாண்டும் பாதைகள் அறுந்துபோகின்றன. ஒரு நாளின் லாகான்களை ஒரே எட்ஜாகச் சுருக்கினால் வேகம் உண்டு, வரிசை போய்விடுகிறது.

இப்போது யோசிப்பது: லாகானையே நோடாக்கி, அதே கம்ப்யூட்டரிலிருந்து 30 நிமிடத்துக்குள் கிளம்பும் லாகான்களோடு முன்கூட்டியே இணைத்துவிடுவது. இப்படிச் செய்தால் ஜம்ப் சர்வரில் அந்த இணைப்புகள் பெருகி வெடிக்காமல் எப்படிக் கட்டுப்படுத்துவது?